மரமில்லாத மலைக்குப் பச்சை அடித்தவன்

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை. வெளியூரில் வேலூர் என்று வாயெடுத்ததும் யாராவது ஒருத்தர் இதை எடுத்துவிடுவார், ஏதோ அன்றைக்குக் காலையில் அவரே இட்டுக்கட்டியதுபோல. கோயில் கணக்கு 1981-லேயே தீர்ந்துவிட்டது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தாயிற்று. பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதை நானே நின்று பார்த்தேன். ராஜா இனிமேல் வரப்போவதில்லை. மிச்சம் இருந்தது மலை. அதற்கு நான் மரம் நட்டேன். கம்ப்யூட்டரில்.

எடுத்தது ஒரு மே மாதச் சாயங்காலம். விருதம்பட்டுப் பக்கம் ஆற்றில் இறங்கி, சீமைக் கருவேல முள்ளுக்கு நடுவே மணலில் டிரைபாடை ஊன்றி, ஊருக்குப் பின்னால் உச்சியில் கோட்டை மதில் ஓடும் அந்த மலை வரிசையைப் பார்த்து வைத்தேன். என்னிடம் இருப்பது பழைய நிக்கான், கூடவே வந்த 18-140 லென்ஸ். எல்லாம் உள்ளே வரட்டும் என்று 18-இல் வைத்து அமுக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாம்பல் பூசின மாதிரி ஒரு படம். மே மாத வேலூர்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புழுதி, வெக்கை, புகை, எல்லாம் சேர்ந்து மலைமேல் ஒரு வெள்ளை வேட்டியைக் காயப்போட்டிருந்தது.

அப்புறம் நடந்ததுதான் பாவம். படம் திருத்துகிற சாஃப்ட்வேரில் மூட்டத்தை நீக்க டீஹேஸ் என்று ஒரு பட்டை இருக்கிறதே, அதைக் கடைசிவரை தள்ளினேன். மூட்டம் ஓடிப்போனது. பாறை பல்லிளித்தது. அங்கங்கே இருந்த காய்ந்த புதரைப் பச்சையாக்கினேன். பச்சை நன்றாக இருந்ததால் பாறைமேலும் கொஞ்சம் தடவினேன். ஓரத்தில் நின்ற செல்போன் டவரை அழித்தேன். வானத்துக்கு நீலம். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே கண் கூசியது, அதை அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

பார்த்தவர்கள் எல்லாரும் 'செம' என்றார்கள். 'தெறி' என்றார்கள். அலுவலகத்தில் ஒருத்தர் 'இது ஊட்டியா?' என்று கேட்டார், அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கெழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு மாதம் போனின் முகப்பில் அந்தப் படம்தான்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்று உண்டு. கூட்டம் என்றால் பெரிய சங்கம் எதுவும் இல்லை. ஆறேழு பேர், காலையில் கோட்டை அகழி ஓரப் பூங்காவில் உட்கார்ந்து ஒருத்தர் படத்தை ஒருத்தர் பார்ப்போம், பிறகு டீ. அதில் பாய் ஒருத்தர் வருவார். எழுபதைத் தாண்டியவர். ஊருக்குள் ஸ்டுடியோ வைத்திருந்தவர், இப்போது மகன் அதை செல்போன் கடையாக்கிவிட்டான். பாய் கேமராவே கொண்டுவரமாட்டார். கையில் ஒரு பழைய டைரி, பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு, அவ்வளவுதான்.

அவர் முன்னால் போனை நீட்டினேன். 'இதுல பாக்க முடியாது தம்பி, பிரிண்ட் போட்டுக்கினு வா' என்றார். அடுத்த வாரம் ஏ4 அளவில் போட்டுக்கொண்டு போனேன்.

வாங்கினார். பார்த்தார். அப்படியே தலைகீழாகத் திருப்பினார்.

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பாய் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் பள்ளிக்கூட குரூப் போட்டோ எடுக்க மரக் கேமராதான். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் கண்ணாடியில் பிம்பம் தலைகீழாகத்தான் தெரியும். ஹெட்மாஸ்டர் தொங்குவார், பிள்ளைகள் வௌவால் மாதிரி வரிசையாகத் தொங்குவார்கள். அதிலேயே பார்த்துப் பார்த்து எங்கே கனம், எங்கே வெறுமை என்று கண்டுபிடித்துப் பழகிய கண். நேராக வைத்தால் 'மலை, ஆறு, வானம்' என்று மனசு பெயர் சொல்லிக்கொண்டு போய்விடுகிறது. திருப்பிப் போட்டால் பெயர் போய்விடும். வெளிச்சமும் இருட்டும்தான் நிற்கும். நான் வீட்டில் செய்து பார்த்தேன், நீங்களும் உங்கள் படம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்.

திருப்பிய படத்தின் கால்வாசியை ஒரு கல்யாணப் பத்திரிகையால் மறைத்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே. பத்திரிகையை நகர்த்தி நகர்த்தி ஐந்து நிமிஷமாவது பார்த்திருப்பார். பிறகு நேராகத் திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

'எந்த ஊரு தம்பி இது?'

'பாய், நம்ம மலைதான். விருதம்பட்டுல இருந்து.'

'அப்டியா? எனக்குத் தெரியல. மலை சின்னதா கீதே.'

அவ்வளவுதான் சொன்னார். டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று ஞாயிறு அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த மூன்று வாரமும் மனசுக்குள் பாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். படம் என்றால் திருத்தத்தான் செய்வார்கள். அமெரிக்கப் போட்டோக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் அங்கே யோசெமிட்டி மலைப் பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறை முன்னால் நின்றபோது கையில் மிச்சம் இரண்டு கண்ணாடித் தகடுதான். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்து முடித்ததும், வானம் வெளுத்துப்போய்த்தான் வரும், தான் உணர்ந்தது அதில் வராது என்று பட்டது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டர் போட்டார். சிவப்பு ஃபில்டர் நீலத்தை உள்ளே விடாது; வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகி, பாறை எழுந்து நின்றது. அவர் வானத்தைக் கறுப்பாக்கலாம், நான் பாறையைப் பச்சையாக்கக் கூடாதா?

நாலாவது ஞாயிறு போய் இதையே பாயிடம் சொன்னேன், ஏறக்குறைய சண்டைக் குரலில். பொறுமையாகக் கேட்டார். 'அவுரு எதுக்குக் கறுப்பாக்குனாருன்னு அவுருக்குத் தெரியும். நீ அந்த மலையப் பாத்தப்ப உனுக்கு இன்னா தோணுச்சி?'

வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. பொய் சொல்லாமல் சொல்வதென்றால், எனக்குத் தோன்றியது வெட்கம். மொட்டை மலை, புழுதி, டவர், இதைப் போய் யாரிடம் காட்டுவது என்ற வெட்கம். என் பச்சை அங்கிருந்துதான் வந்தது. 'இது ஊட்டியா?' என்று கேட்டவர் என் மனசைச் சரியாகப் படித்துவிட்டார். நான்தான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன். பாய் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்வி. ஒன்றில் பூரித்தேன், ஒன்றில் மூன்று வாரம் சுருண்டேன்.

மலை ஏன் சிறுத்தது என்பதை அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். ஒன்று, லென்ஸ். 18-இல் வைத்தால் காலடி மணல் பரந்து விரியும், தூரத்து மலை சுண்டிப்போகும். நேரில் பார்க்கும்போது கண்ணும் மனசும் மலையையே பிடித்துக்கொண்டிருக்கும், கேமராவுக்கு அந்தப் பாசம் கிடையாது. இன்னொன்றுதான் எனக்குப் புதிது: மூட்டம். நமக்கும் மலைக்கும் நடுவில் உள்ள காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. தூரம் கூடக் கூட இருட்டு வெளுக்கிறது, நிறம் மங்குகிறது. முன்னால் நிற்பது அழுத்தமாக, அதற்குப் பின்னால் இருப்பது மங்கலாக, அதற்கும் பின்னால் இருப்பது வெறும் நிழலாக. 'இது தூரம், அது அதைவிடத் தூரம்' என்று கண் கணக்குப் போடுவது இதை வைத்துத்தான். நான் மூட்டத்தைச் சுத்தமாகத் துடைத்ததும் பின்மலை முன்மலையோடு ஒட்டிக்கொண்டது. மூன்று நாலு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலை ஆற்றங்கரையில் கொட்டிய ஜல்லிக் குவியல் மாதிரி ஆகிவிட்டது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். நான் தூரத்தை எடுத்துவிட்டுப் பச்சையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கருத்தும் வந்தது, கேட்காமலே. அந்தப் பிரிண்ட் வண்டிப் பையில் கிடந்தது. மலை அடிவாரத்தில் வேறு கோணம் பார்க்கலாமென்று போனபோது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருத்தர் கையில் அது சிக்கியது. 'இன்னா கண்ணு, போட்டோவா?' என்று வாங்கினார். முதலில் ஆடு ஏறும் வழியைத் தேடினார், விரலை வைத்து மேலே போனார், மதில் இடிந்த இடத்தில் நிறுத்தினார். அப்புறம், 'மழத்தண்ணி எறங்குற கறுப்புக் கோடு எங்க? இங்க மூணு இருக்குமே' என்றார்.

நிமிர்ந்து மலையைப் பார்த்தேன். மூன்று இருந்தது. மழைத் தண்ணீர் வருஷக்கணக்காய் ஒரே தடத்தில் வழிந்து, பாசி காய்ந்து கறுத்த பட்டைகள், உச்சியிலிருந்து பாதி மலைவரைக்கும். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். என் பச்சைக்கு அடியில் அந்தக் கோடுகள் புதைந்துகிடந்தன, அதைவிட மோசம், அழிக்கும்போதுகூட நான் அவற்றைப் பார்த்திருக்கவில்லை. டவரைப் பார்த்துத்தான் அழித்தேன். இதைப் பார்க்காமலே அழித்திருக்கிறேன்.

இவ்வளவும் பட்ட ஆள் அடுத்தவர் படத்தைப் பார்க்கும்போது பதமாகப் பேசியிருக்க வேண்டும், இல்லையா? மருமகளாய் இடிபட்டவள் மாமியாரானதும் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

ஆகஸ்ட் வாக்கில் காலேஜ் பையன் ஒருத்தன் எங்கள் கூட்டத்துக்கு வந்தான். ஏலகிரி மலைப்பாதையில் எடுத்த படம். அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவு பதினாலு. வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். இவன் எடுத்தது கபிலர் வளைவாம். மலையைப் பாடியவர் பெயரில் ஒரு வளைவு இருப்பது பொருத்தம்தான், ஆனால் அன்றைக்கு எனக்கு அதையெல்லாம் ரசிக்க நேரமில்லை. படத்தில் காலை மஞ்சு, சரிந்து இறங்கும் மலைமுகடு, ஈரத் தார் ரோடு, ஓரத்தில் ஒரு கரண்டு கம்பம்.

நான் ஆரம்பித்தேன். படம் சாய்ந்திருக்கிறது. கலர் ஜாஸ்தி. முகட்டு ஓரமாக வெள்ளைக் கோடு ஓடுகிறது, ஷார்ப்னஸை ஏற்றினால் அப்படித்தான் வரும். வானத்தில் மூன்று புள்ளி, கேமராவுக்குள் சென்சாரில் ஒட்டிய தூசி; லென்ஸ் துளையை எஃப்22-க்குச் சுருக்கி எடுத்தால் தூசி தெரியும், போதாததற்குப் படமும் மழுங்கும், எஃப்8 போதும். கம்பம் குறுக்கே நிற்கிறது, வெட்டிவிடு. முன்னால் ஒன்றுமே இல்லை. மூச்சுவிடாமல் சொன்னேன். எல்லாம் டெக்னிக்கலாக நல்ல குறிப்புகள் என்ற திருப்தி வேறு. பையன் 'சரிங்கண்ணா, சரிங்கண்ணா' என்று தலையாட்டினான். அவன் போனை எந்த வேகத்தில் பாக்கெட்டில் வைத்தான் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். பாய் ஒருநாள் டீக்கடையில் கேட்டார், 'அந்தப் புள்ள படத்துல உனுக்கு மொதல்ல கண்ணு எங்க போச்சி?' யோசித்தேன். ரோட்டின் ஈரத்தில். மஞ்சுக்குள் நுழைந்து காணாமல் போகும் இடத்தில் ஒரு மினுக்கு இருந்தது, முதல் விநாடி அங்கேதான் போயிற்று, நன்றாகவும் இருந்தது. 'அத்த சொன்னியா?' என்றார். சொல்லவில்லை. அது குறை இல்லையே, அதனால் என் வாயில் வரவேயில்லை.

அவனைப் போனில் பிடித்து வரச் சொன்னேன். வந்தான், பிரிண்டோடு. மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன். அவன்தான் மெதுவாக, 'அண்ணா, சாய்ஞ்சிருக்குன்னு சொன்னீங்களே, வீட்ல ஸ்கேல் வச்சுப் பாத்தேன், கம்பம் நேரா இருக்குண்ணா' என்றான். பிரிண்டின் ஓரத்தில் ஸ்கேலை வைத்துக் காட்டினான். கம்பம் நூல் பிடித்த மாதிரி நின்றது. சாய்ந்திருந்தது மலை.

இந்த ஒரு தப்பை நான் மறக்கமாட்டேன், ஏனென்றால் மலைப் படம் பார்க்கிற எல்லாரும் செய்கிற தப்பு. கடலில் அடிவானம் படுத்திருக்கும், அதை வைத்து மட்டம் பார்க்கலாம். மலைக்குள் அடிவானமே இருக்காது பாதி நேரம். முகடு ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கும், கண் அதையே மட்டக்கோடாக நினைத்துக்கொண்டு 'படம் கோணல்' என்று புகார் சொல்லும். செங்குத்தாக நிற்பது எது என்று தேட வேண்டும்: கம்பம், கட்டிட மூலை, கோயில் கோபுரம். தண்ணீர் தேங்கியிருந்தால் அதைவிட நல்ல மட்டப்பலகை கிடையாது. நான் வெட்டச் சொன்ன கம்பம்தான் படத்தில் நேர் எது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே பொருள். தூசிப் புள்ளி விஷயத்தில் நான் சொன்னது சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் துடைத்துவிட்டான்.

அதற்கப்புறம் எங்கள் கூட்டத்தில் பேசுகிற விதமே மாறிப்போனது, யாரும் தீர்மானம் போடாமலே. படத்தைப் பெஞ்சில் வைத்தால் கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறப்பதில்லை. எடுத்தவர் கதை சொல்லக் கூடாது. 'அன்னைக்கு நாலு மணிக்கே எழுந்து' என்று யாராவது ஆரம்பித்தால் பாய் கையைக் காட்டிவிடுவார். நாலு மணி படத்துக்குள் இருந்தால் தெரியும், இல்லையென்றால் அது உங்கள் தூக்கக் கணக்கு. கண் முதலில் எங்கே போனது, எங்கே சிக்கியது, எங்கே வெளியே ஓடியது, இதைத்தான் முதலில் சொல்கிறோம். படத்தை மூன்று மூன்று பங்காகப் பிரித்து முக்கியமானதை அந்தக் கோட்டில் வை என்கிற 'ரூல் ஆஃப் தேர்ட்ஸ்' என்று எல்லாப் படத்துக்கும் ஒரே மருந்து கொடுக்கும் நண்பர் ஒருத்தர் இருக்கிறார், அவரை மட்டும் மாற்ற முடியவில்லை. அவர் டாக்டராகாமல் போனது ஊர் செய்த புண்ணியம்.

டிசம்பரில் அதே மலைக்குத் திரும்பப் போனேன். அதே ஆற்று மணல், ஏறக்குறைய அதே இடம். டிசம்பர் என்று தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தக் கறுப்புக் கோடுகள். மே மாதச் சாயங்காலத்தில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி விழுகிறது. தெற்கே பார்த்து நிற்கும் எனக்கு அது வலது தோளுக்குக் கொஞ்சம் பின்னால். வெளிச்சம் மலையின் முகத்திலும் விழுந்து, மேடு பள்ளத்து நிழல் குறைந்து தட்டையாகத் தெரியும். டிசம்பர் கடைசியில் நம் ஊரில் சூரியன் மேற்கிலிருந்து 24 பாகை தெற்கே போய் மறைகிறது. அப்போது எனக்கு வலது பக்கமிருந்து சாய்வாக வரும், ஒவ்வொரு பாறைக்கும் ஒரு நிழல் கிடைக்கும். இத்தனை வருஷம் சூரியன் சாயும் நேரத்துப் பொன் வெளிச்சத்துக்காக 'கோல்டன் ஹவர்' என்று கடிகாரத்தைத்தான் பார்த்தேன், காலண்டரைப் பார்த்ததில்லை.

மழை முடிந்த காற்று, மே மாதப் புழுதி இல்லை. இருந்த கொஞ்ச மூட்டத்தைத் தொடவேயில்லை; முன்மலைக்கும் பின்மலைக்கும் நடுவில் அது மெல்லிசாகக் கிடந்தது. லென்ஸை 85-க்கு இழுத்தேன், எஃப்8. ஐந்தரை மணிக்கு மேல் வெளிச்சம் பாறையை உரசிக்கொண்டு வந்தது. குண்டுப் பாறைகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே எழுந்தன, மதில் ஒரு நூல் மாதிரி மின்னியது, மூன்று கோடுகளும் ஈரம் காயாத கறுப்பில் இறங்கின. மொட்டைதான். ஒரு மரம் கிடையாது. அன்றைக்கு அந்த மொட்டையில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. டவர் இடது ஓரத்தில் நின்றது, நிற்கட்டும் என்று விட்டேன். சூரியன் இறங்கியதும் கொசு பிய்த்தெடுத்தது. சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரிண்டைப் பெஞ்சில் வைத்தேன். ஏலகிரிப் பையன் முதலில் பேசினான்: கண் நேராக நடுக்கோட்டில் ஏறி மதிலுக்குப் போகிறது, ஆனால் கீழே வலது மூலையில் ஒரு முள்செடி இருட்டாகப் பிடித்து இழுக்கிறது. பார்த்தேன். இழுக்கத்தான் செய்தது. எடுக்கும்போது என் கண்ணில் படவில்லை.

பாய் வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். பத்திரிகை இல்லை, டைரியால் மறைத்தார். நகர்த்தினார். டவர் இருந்த மூலையை மூடினார், திறந்தார், மூடினார், திறந்தார். நேராகத் திருப்பினார்.

'நம்ம மலைதான்' என்றார்.

எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை. டவர் உச்சியில் விரலை வைத்தார்.

'இதும்மேல செவப்பு லைட்டு ஒண்ணு கீதே, அது எத்தினி மணிக்குப் போடுவான்?'

'இருட்டினதும் போடுவான் பாய். ஆறு, ஆறேகால் இருக்கும்.'

'நீ எத்தினி மணி வரைக்கும் இருந்த?'

ஆறடிக்கும் முன்னாலேயே நான் டிரைபாடை மடித்து வண்டியில் கட்டியிருந்தேன்.